அழுகையும் கணக்கும்: பெண்ணிய இணைய இதழ்களுக்கு அனுப்பப்படுவது குறித்து

பெரும்பாலான பெண்ணிய இணைய இதழ்களில் ஓர் அறிவிப்பு இருக்கும். ஆக்கங்கள் வரவேற்கப்படுகின்றன. கவிதை, கதை, கட்டுரை, ஓவியம், புகைப்படம், ஒலிப்பதிவு, காணொளி எதுவாகவும் இருக்கலாம். ஆயிரம் சொற்களுக்குள். தன்குறிப்பு மூன்று வரி. படம் ஒன்று. இந்த அறிவிப்பை நாம் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்ததில்லை. கீழ்ப்படிந்து அனுப்பிவைக்கிறோம், இல்லையென்றால் தாண்டிப் போய்விடுகிறோம். ஈழத்தவர் 'ஆக்கம்' என்கிறார்கள், நாம் 'படைப்பு' என்கிறோம், கொஞ்சம் முறுக்கிக்கொண்டவர்கள் 'சமர்ப்பிக்கவும்' என்று போடுகிறார்கள். படைப்பும் படையலும் ஒரே வேரில் பிறந்தவைதாம். யார் யாருக்கு எதைப் படைக்கிறார்கள், படைத்ததில் எது இலையைவிட்டு ஒதுக்கப்படுகிறது என்பதுதான் இங்கே என் கேள்வி.

இந்த இதழ்களுக்கு வெளியே நின்றுகொண்டு நான் பேசவில்லை. பதினோரு முறை எழுதி அனுப்பியிருக்கிறேன். எல்லாம் வந்தன. அதில் ஒன்று தொண்டையில் சிக்கிக்கொண்டதால்தான் இந்தக் கட்டுரை.

வழக்கமாக வரும் ஓர் எதிர்ப்பை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். இணையத்தில் வருவதெல்லாம் எழுத்தா, எடிட்டிங் உண்டா, தரம் உண்டா என்று கேட்கிற மூத்த இலக்கியவாதிகள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான். உங்கள் அலமாரியில் இருக்கும் பழைய சிறுபத்திரிகைகளை எடுத்து ஆசிரியர் குழு என்று அச்சிட்டிருக்கும் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பெண் பெயரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்தபின் பேசலாம். என் பிரச்சினை எடிட்டிங் இல்லாதது அல்ல. எடிட்டிங் இருக்கிறது. அதைச் செய்தவள் நான். அதுதான் பிரச்சினை.

2020-இல் ஊரடங்கின்போது, நான் எழுதிக்கொண்டிருந்த ஓர் இணைய இதழிலிருந்து தொலைபேசி வந்தது. எல்லோரும் வீட்டுக்குள்ளே இருந்து வீட்டைப் பற்றியே எழுதி அனுப்புகிறார்கள், வெளியே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற ஒரு பெண்ணின் குரல் வேண்டும், உங்களால் முடியுமா தோழி என்று கேட்டார்கள். முடியும் என்றேன். எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி தள்ளிவரும் அக்காவை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் ஊர் தென்மாவட்ட நகரம், பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வரும். அக்காவுக்கு எழுத வராது என்பதில்லை. ஐந்தாவது வரை படித்தவர், அவர் கையெழுத்து என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கும். உட்கார்ந்து எழுத நேரமில்லை, அவ்வளவுதான். "பேசி அனுப்புறேன் டீச்சர், நீங்க எழுதிக்கங்க" என்றார். நான் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம், மே மாதம் சம்பளம் கிடையாது. ஆனாலும் தெருவில் நான் டீச்சர், அவர் குப்பைக்கார அக்கா. நான் பிறந்த சாதி வேறு, அவர் பிறந்த சாதி வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் பெண்ணியம் பேசுவது நம் பக்கங்களில் நெடுநாள் நடந்திருக்கிறது.

வாட்ஸ்அப்பில் நான்கு ஒலிப்பதிவுகள் வந்தன. மொத்தம் 31 நிமிடம். ஒன்று விடிவதற்கு முன், பின்னால் குழாயடிச் சத்தம். இன்னொன்று வண்டியை ஓரங்கட்டிவிட்டு மர நிழலில். அப்படியே எழுதினால் நாலாயிரம் சொல் தேறும். இதழின் வரையறை ஆயிரம். மூன்று பங்கை வெட்டினேன்.

எதை வெட்டினேன்? பாதிக்கு மேல் அக்கா கணக்குப் பேசியிருந்தார். ஒரு வண்டிக்கு எத்தனை தெரு என்று காகிதத்தில் இருக்கிறது, உண்மையில் எத்தனை தெரு தள்ளவேண்டியிருக்கிறது. கலெக்டர் நிர்ணயித்த தினக்கூலி எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு, இடையில் இருக்கும் பணம் எந்தெந்தப் பெயரில் பிடிக்கப்படுகிறது. பி.எஃப். பிடிக்கிறார்கள், ஆனால் நம்பர் எழுதிய சீட்டு கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள். பத்துப் பேர் செய்கிற வேலையைப் பதினைந்து பேர் பெயரில் எழுதினால் அந்த ஐந்து பேரின் கூலி யாருக்குப் போகும். கையுறை கொடுத்ததாகக் கையெழுத்து வாங்குகிறார்கள், கையுறை வரவில்லை, அப்படியானால் அந்தக் கையுறையை யார் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. நீண்ட சிரிப்பு. பிறகு சீட்டுக் கட்டியது, மேஸ்திரிக்கு அவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர், கான்ட்ராக்ட் முறையை எடுத்துவிட்டால் நகராட்சிக்கு என்ன மிச்சமாகும் என்று அவராகவே போட்ட ஒரு வரவு செலவு. இவற்றுக்கிடையே ஓரிடத்தில், அவர் புருஷன் செத்துப்போன வருடம் பற்றிப் பேச்சு வந்தபோது, குரல் உடைந்து ஒரு நிமிடம் அழுதார். கையில் புண் வந்ததைப் பற்றி இரண்டு நிமிடம்.

நான் எடுத்துக்கொண்டது அந்த மூன்று நிமிடத்தை. அதைச் சுற்றி மற்றவற்றைக் கொஞ்சம் தூவினேன். "என் கைகளைப் பாருங்கள்" என்று ஒரு தலைப்பு வைத்தேன். அந்த வாக்கியத்தை அக்கா எங்கேயும் சொல்லவில்லை. பேச்சு மொழியில்தான் எழுதினேன், அதுகூட எல்லோருக்கும் புரியும்படியான ஒரு பொதுவான பேச்சு மொழியில். அக்காவின் மொழி அது இல்லை. சினிமாவில் ஏழைப் பெண்கள் பேசுகிற மொழி. இதழில் வந்தது. நிறையப் பேர் பகிர்ந்தார்கள். எனக்கு மூன்று நாள் சந்தோஷம்.

காலேஜில் படிக்கும் அக்காவின் மகள் அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த நாள் காலை வண்டியை நிறுத்திவிட்டு அக்கா கேட்டார்: "என்ன டீச்சர், நான் அழுதத மட்டும் போட்டிருக்கீங்க. கணக்குச் சொன்னேன்ல, அதக் காணோம்?"

கோபமாகக் கேட்கவில்லை. மளிகைக் கடையில் பாக்கிச் சில்லறையைக் கேட்பதுபோலக் கேட்டார். இடமில்லை அக்கா என்றேன். "அழுகைக்கு இடமிருந்துச்சுல்ல?" என்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நம் இதழ்களில் அனுப்பப்படுகிறவை இரண்டு வகையாக ஒதுக்கப்படுகின்றன. ஒரு வகைப் பெண்களிடம் நாம் கருத்து கேட்கிறோம். இன்னொரு வகைப் பெண்களிடம் அனுபவம் கேட்கிறோம். கருத்து கேட்கப்படுகிறவள் கட்டுரை எழுதுவாள், மேற்கோள் காட்டுவாள், கோபப்படுவாள், தன் குடும்பத்தைப் பற்றி ஒரு வரி சொல்லாமலே நம் பக்கத்தில் இடம்பெற முடியும். அனுபவம் கேட்கப்படுகிறவளுக்கு அந்த வசதி இல்லை. அவள் தன் உடம்பையும் வீட்டையும் திறந்து காட்டினால்தான் உள்ளே வரமுடியும். கோபால் குரு 2002-இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்யும் பிராமணர்கள் இருக்கிறார்கள், தரவு சேர்க்கும் சூத்திரர்கள் இருக்கிறார்கள் என்ற பிரிவினையைச் சுட்டினார். பல்கலைக்கழகத்தை நோக்கிச் சொன்னது அது. பல்கலைக்கழகத்துக்கு மாற்று என்று நாம் கட்டிய இணையப் பக்கங்களிலும் அதே அடுக்கு, பகுதித் தலைப்புகளாக உட்கார்ந்திருக்கிறது. கட்டுரை என்று ஒரு பகுதி. அனுபவம் என்று ஒரு பகுதி. எந்தப் பெயர் எந்தப் பகுதியில் வருகிறது என்று ஒரு வருடத்துக்குப் புரட்டிப் பார்த்தால் போதும். சாதிக் கணக்கெடுப்பே வேண்டாம்.

இது நடந்து எட்டு மாதம் கழித்து அதே இதழில் தூய்மைப் பணி பற்றி ஓர் ஆய்வாளர் எழுதிய கட்டுரை வந்தது. நல்ல கட்டுரை. அதில் என் தொகுப்பு மேற்கோளாக இருந்தது. எதை எடுத்திருந்தார்? கைப் புண்ணை. அதற்குப் பிறகு, ஒப்பந்த முறை எப்படிக் கூலியைத் திருடுகிறது என்று தன் சொந்த விளக்கத்தை மூன்று பத்தியில் தந்திருந்தார். அந்த மூன்று பத்தியும் அக்காவின் ஒலிப்பதிவில் இருந்தவை. இன்னும் தெளிவாக, இன்னும் கூர்மையாக, சிரிப்போடு. ஆய்வாளரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு அது கிடைக்கவில்லை, என் போனில்தான் இருந்தது. நான் வெட்டிப் போட்ட கோட்பாட்டை அவர் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்கவேண்டியதாயிற்று. கண்டுபிடித்தவர் என்ற பெயரும் அவருக்குப் போயிற்று.

ஃபூக்கோ பாலியல்பின் வரலாறு முதல் தொகுதியில் (1976) வாக்குமூலம் பற்றிப் பேசுவதை நம்மவர்கள் நிறையவே எடுத்தாண்டிருக்கிறார்கள். பேசு, பேசு, உள்ளே இருப்பதையெல்லாம் சொல் என்று தூண்டுவதும் அதிகாரம்தான். வாக்குமூலத்தில் அதிகாரம் இருப்பது சொல்கிறவரிடம் அல்ல, கேட்டு அதற்குப் பொருள் சொல்கிறவரிடம். பாதிரியார், டாக்டர், போலீஸ் என்று நாம் உதாரணம் சொல்வோம். ஆசிரியர் குழு என்று சொல்லமாட்டோம். மௌனத்தை உடைத்தல் என்கிற நம் பழைய முழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. ஒரு காலத்தில் அதற்குப் பெரிய வேலை இருந்தது, சில இடங்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் அக்கா மௌனமாக இருந்ததே இல்லை. அவர் பேசுவதைத் தெருவே கேட்கும். அவர் மேஸ்திரியிடம், சூப்பர்வைசரிடம், வார்டு ஆபீஸ் வாசலில் கத்தியிருக்கிறார். அவருடைய மௌனத்தை உடைத்ததாக என் கட்டுரையின் முன்குறிப்பில் இருக்கும் வரி பச்சைப் பொய். அவரைப் பொறுத்தவரை அந்தக் கட்டுரையில்தான் மௌனமே தொடங்கியது.

சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவது நமக்குப் புதிதல்ல. வை.மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடம் போனவரில்லை. முதல் நூலான இந்திரமோகனாவை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார் என்பது தமிழ் இலக்கிய வரலாற்றில் எல்லோரும் பிரியமாகச் சொல்லும் தகவல். அது 1924-இல் வந்தது. 1925-இல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். நூல் யாருடையது என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. சொன்னவருடையது. எழுதிக் கொடுத்தவர் எழுதிக் கொடுத்தவர்தான். அக்கா சொல்ல நான் எழுதியதில் நிலைமை அப்படியே புரண்டுகொள்கிறது. பக்கத்தின் மேலே 'தொகுப்பு' என்று என் பெயர், தன்குறிப்பு, படம். அக்கா உள்ளே ஒரு பாத்திரம். செயல் ஒன்றுதான், வாய் பேசுகிறது, கை எழுதுகிறது. எது ஆசிரியர், எது கருவி என்பதை இந்தச் செயல் தீர்மானிப்பதில்லை. வாய் எந்தத் தெருவில் இருக்கிறது, கை எந்தத் தெருவில் இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது.

இதை வேறுமாதிரி செய்தவர்களும் உண்டு. பாண்டிச்சேரிக்குப் பக்கத்துக் காரணி கிராமத்து வீரம்மா, விவசாயக் கூலி, பிரசவம் பார்ப்பவர், பறையர். அவர் பத்து வருடம்போலப் பேசியதை ஜோசியான் ரசின் ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1995-இல் பிரெஞ்சிலும் 1997-இல் ஆங்கிலத்திலும் நூலாயிற்று. ஆசிரியர் பெயர்களில் முதலாவது வீரம்மா. ஜோசியான், ழான்-லுக் ரசின் இருவரும் அதற்குப் பின்னால். பிரெஞ்சுப் பதிப்பின் துணைத்தலைப்பு அடிமைப்படுத்தப்பட்டவர்களின் சிரிப்பு என்ற பொருளில் இருக்கிறது. சிரிப்பை எடுத்து அட்டையில் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நான் எடுத்து வெளியே போட்டது அதைத்தான். இதற்காக அந்த நூல் பிரச்சினையே இல்லாத நூல் என்று நான் வாதாடவில்லை. தமிழில் பேசப்பட்ட ஒரு வாழ்க்கை பிரெஞ்சில் முதலில் அச்சாகும்போது யாரிடம் யார் பேசினார்கள் என்ற கேள்வி இருக்கவே செய்யும். ஆனால் பத்து வருடம் கேட்பதற்கும் நான்கு ஒலிப்பதிவை ஒரு ராத்திரியில் வெட்டி ஒட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இணைய இதழின் வேகம் என்பது வெறும் தொழில்நுட்ப விஷயம் அல்ல. அது ஒரு கருத்தியல்.

பெயருக்கு வருகிறேன். அக்கா தன் பெயரைப் போடச் சொன்னார். முழுப் பெயரை. நான்தான் வேண்டாம் என்றேன். ஒப்பந்தக்காரர் பார்த்தால் அடுத்த நாள் வேலை இருக்காது. அவரும் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆகவே தெருவில் கூப்பிடும் பெயரில் வந்தது. இதில் எனக்கு வருத்தமில்லை, சரியான முடிவு. ஆனால் என்ன நடக்கிறது பாருங்கள்: ஆபத்தை எதிர்கொண்டவருக்குப் பெயர் கிடையாது, ஆபத்தே இல்லாத எனக்கு முழுப் பெயர், படத்தோடு.

பெயர் என்பது பெண்கள் இதழ்களில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஈழத்தை நினைக்காமல் பேச முடியாது. 1986-இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் சொல்லாத சேதிகள் தொகுப்பைக் கொண்டுவந்தது. அதில் எழுதிய சிவரமணி 1991 மே மாதம் தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தன்னையும் முடித்துக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில், 'தோழி' என்ற பெண்கள் இதழை நடத்திய, கவிஞரும் நாடகக்காரருமான செல்வியை விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை. அங்கே ஒரு பெண் தன் பெயரோடு ஒரு கவிதையை ஓர் இதழுக்கு அனுப்புவது எதைக் கையில் பிடித்துக்கொண்டு அனுப்புவது என்று யோசித்தால், மூன்று வரித் தன்குறிப்பும் படமும் கேட்கும் நம் அறிவிப்பு வேறொரு உலகத்து வாசகம்போலத் தோன்றும். அந்த மண்ணிலிருந்து சிதறிப்போன பெண்கள் பிறகு இணையத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 2005-இல் தொடங்கிய ஊடறு ஐரோப்பாவில் இருந்துகொண்டு ஈழம், மலையகம், தமிழகம், புலம்பெயர் நாடுகள் என்று எல்லாத் திசையிலிருந்தும் பெண்களின் எழுத்தை ஓரிடத்தில் சேர்த்தது. யுத்தம் முடிந்த இரண்டாவது வருடம், 2011-இல், பெண் போராளிகளின் கவிதைகளை ஊடறுவும் விடியலும் சேர்ந்து பெயரிடாத நட்சத்திரங்கள் என்று வெளியிட்டன. எந்த அச்சுக்கூடமும் எந்த அரசும் எந்த இயக்கமும் குறுக்கே நிற்க முடியாத ஒரு பக்கம் இருப்பது எப்பேர்ப்பட்ட விஷயம் என்பதை, தபாலில் அனுப்பிய கவிதைக்கு ஆறு மாதம் பதில் வராததைப் பெரிய ஒடுக்குமுறையாக நினைத்துக்கொண்ட எங்கள் தலைமுறை புரிந்துகொள்வது கஷ்டம். நான் இணைய இதழ்களை விமர்சிப்பது இந்த நன்றிக்கடனோடுதான். ஆனால் அங்கே அனுப்பியவர்கள் எழுதியவர்களாகவே இருந்தார்கள். அவர்களுக்கும் பக்கத்துக்கும் நடுவே நான் இல்லை.

படத்தைப் பற்றிக் கொஞ்சம். முகம் வேண்டாம் என்று முடிவானதால் கைகளைப் படமெடுத்தேன். வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். அக்கா வளையலைச் சரிசெய்துகொண்டு நின்றார், நான் வளையல் தெரியாதமாதிரி எடுத்தேன். (ஏன் அப்படி எடுத்தேன் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். வளையல் போட்ட கை பரிதாபமாகத் தெரியாது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.) ஒரு வருடம் கழித்து ஏதோ ஒரு கருத்தரங்கச் சுவரொட்டியில் அந்தக் கைகளைப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, கேட்கவேண்டியதில்லை என்று அந்த இதழே அடியில் போட்டிருக்கிறது: இங்கு வருவதை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், இதழின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். நம் தோழர்களுக்கு இந்த வாசகம் மிகவும் பிடிக்கும். அறிவு பொதுவுடைமை அல்லவா! எனக்கும் பிடித்திருந்தது, அக்காவின் கைகள் பொதுவுடைமை ஆகும்வரை.

கூலி என்ற பேச்சே நம்மிடம் வருவதில்லை. சில்வியா ஃபெடரிசி 1975-இல் வீட்டுவேலைக்குக் கூலி கேட்டு எழுதிய துண்டறிக்கையை நாம் வகுப்பெடுக்கிறோம். எதை அன்பு என்கிறார்களோ அதை நாம் கூலியில்லா வேலை என்கிறோம் என்று அவர் தொடங்குவதை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். பெண்ணிய இணைய இதழ் நடப்பது எதனால்? அன்பால். நடத்துகிறவர்களுக்கும் காசில்லை, கைக்காசைப் போட்டு இணையதளத்துக்கு வருடக் கட்டணம் கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களைக் கஞ்சர்கள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் காசில்லாமல் நடக்கும் இந்த ஏற்பாட்டில் எனக்கு வேறொன்று கிடைக்கிறது. பெயர் கிடைக்கிறது, கருத்தரங்க அழைப்பு கிடைக்கிறது, நேர்முகத் தேர்வில் காட்ட ஒரு பட்டியல் கிடைக்கிறது. அக்காவுக்கு இதில் எதுவும் கிடைக்காது. ஒலிப்பதிவு அனுப்பியதில் செலவான நெட் பேக்கை நானாவது போட்டுவிட்டேனா என்றால், இல்லை.

பத்திரிகையை அவர்களே நடத்தினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமா என்று கேட்கலாம். உத்தரப்பிரதேசத்தின் சித்திரகூட மாவட்டத்தில் 2002-இல் தொடங்கிய கபர் லஹரியாவை இந்த இடத்தில் பார்க்கவேண்டும். நிரந்தர் என்ற தில்லி அமைப்பு பின்னால் நின்றது. தலித், ஆதிவாசி, இஸ்லாமிய, பிற்பட்ட சாதிப் பெண்கள் செய்தியாளர்கள். பண்டிதர்களின் இந்தியில் அல்ல, உள்ளூர் புந்தேலியில் பத்திரிகை. சில பேர் அங்கே சேர்ந்தபின்தான் தட்டுத்தடுமாறி எழுதப் பழகினார்கள். பிறகு கையில் போனை எடுத்துக்கொண்டு காணொளிக்கு மாறினார்கள். அவர்கள் எழுதியது அனுபவம் அல்ல. ரோடு போடாதது, குவாரி, ரேஷன், போலீஸ் வழக்கு எழுத மறுத்தது. அதாவது கணக்கு. ஒரு தலித் பெண் தன் அழுகையைக் கொண்டுவராமல் அடுத்தவன் கணக்கைக் கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பது சாதிய ஊருக்கு எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் அவர்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தது. ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் எடுத்த 'ரைட்டிங் வித் ஃபயர்' (2021). உலகமெல்லாம் பரிசு வாங்கி 2022-இல் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போயிற்று. விருது விழாவுக்குச் சில நாட்களுக்கு முன்பு கபர் லஹரியா ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் உருக்கமானதுதான், வலுவானதுதான், ஆனால் ஒரு கட்சியைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பவர்கள்போல எங்களைக் காட்டுவது சரியில்லை, இது எங்கள் முழுக் கதை அல்ல என்பது அதன் சாரம். அப்போது நம் நண்பர்கள் பலருக்கும் எரிச்சல். இந்த நேரத்தில் இதைச் சொல்லவேண்டுமா, பாசிசத்துக்கு எதிரான படம் அல்லவா என்றார்கள். படத்தின் அரசியலோடு எனக்கு மாறுபாடு கிடையாது. ஆனால் அந்த அறிக்கையை வாசித்தபோது எனக்குக் கேட்டது வேறு குரல். கணக்குச் சொன்னேன்ல, அதக் காணோம்? நமக்குப் பிடித்த அரசியலுக்காகவே என்றாலும் வெட்டு வெட்டுதான். வித்தியாசம் என்னவென்றால் கபர் லஹரியாவுக்குச் சொந்தமாக ஒரு பக்கம் இருந்தது, அதில் அவர்களால் மறுப்பு போட முடிந்தது. அக்காவுக்கு எங்கள் தெரு முனைதான் இருந்தது.

தலித் இலக்கியத்தை யார் எழுதலாம் என்று 90-களில் சிறுபத்திரிகைகளில் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையின் முடிவில் நாம் எடுத்துக்கொண்ட பாடம், அவர்கள் அனுபவத்தை அவர்களே எழுதட்டும் என்பது. சரிதான். ஆனால் அந்த வாக்கியத்தில் 'அவர்களே' என்பதைத்தான் அழுத்திச் சொல்லிக்கொண்டோம், 'அனுபவத்தை' என்பது கேள்வியில்லாமல் உள்ளே வந்துவிட்டது. பாமாவின் கருக்கு 1992-இல் வந்தபோது அது ஒரு வாழ்க்கைக் கதை என்பதோடு, கன்னிமடத்தையும் திருச்சபையின் சாதியையும் பிரித்துப் போட்ட ஒரு விமர்சன நூலும்கூட. வகுப்பறையில் நாங்கள் அதை எப்படிப் படித்தோம்? வலி என்று படித்தோம். எம்.ஏ. தேர்வில் 'கருக்கு காட்டும் வலிகள்' என்று பதினைந்து மதிப்பெண் கேள்வி. நானும் நன்றாகவே எழுதினேன். அந்தப் பயிற்சிதான் 31 நிமிடத்தில் மூன்று நிமிடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க எனக்கு உதவியது.

சென்ற மாதம் அக்காவிடம் போனேன். பழைய ஒலிப்பதிவுகள் என் போனில் இல்லை, போனை மாற்றியபோது போய்விட்டன. மறுபடி கணக்கை மட்டும் சொல்லுங்கள் அக்கா என்றேன். இப்போது கணக்கு மாறியிருக்கிறது, கான்ட்ராக்டர் மாறியிருக்கிறார், வண்டி பேட்டரி வண்டி ஆகியிருக்கிறது. இந்தத் தடவை நான் தனியாக வெட்டவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டினேன், அவர் திருத்தினார். "இத எடுத்துருங்க, இது அவிங்களுக்குச் சாதகமாப் போயிரும்" என்று ஒரு பத்தியை எடுக்கச் சொன்னார். ஒரு சொல்லை மூன்று தடவை மாற்றினார். எந்த எடிட்டரிடமும் இவ்வளவு கற்றுக்கொண்டதில்லை. வெளியூர் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் பெயரை ஆசிரியர் பெயராகப் போடலாம் என்று அவரே யோசனை சொன்னார், அவளிடம் கேட்டும் வாங்கிவிட்டார். என் பெயர் எங்கும் இல்லை. தலைப்பு 'சம்பளக் கணக்கு'. ஆயிரத்து இருநூறு சொல் வந்தது, இருநூறு அதிகம், அப்படியே அனுப்பினேன். அனுப்பும் இடத்தில் பகுதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்: கவிதை, கதை, கட்டுரை, அனுபவம். கட்டுரை என்பதைத் தொட்டேன்.

முந்தாநாள் பதில் வந்தது. மிகவும் முக்கியமான பதிவு தோழி, அடுத்த மாதம் போட்டுவிடலாம், ஆனால் இதை 'அனுபவம்' பகுதியில் போட்டால் நிறையப் பேரைச் சென்றடையும், சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். நான் இன்னும் பதில் எழுதவில்லை. அக்காவைக் கேட்க வேண்டும். இந்த வாரம் அவருக்கு மார்க்கெட் பக்கம் ராத்திரி டூட்டி.